குடும்ப நினைவைக் கலையாக்கிய கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளில், நேரில் பார்த்து, இன்னும் மனதை விட்டுப் போகாதது எது?

தறிக்காரன்:
அமெரிக்கக் கறுப்பினப் பெண் கலைஞர் பெட்டி சார் (Betye Saar) 1998இல் செய்தது. பழைய இஸ்திரிப் பலகை, அதோடு சங்கிலியால் பிணைத்த இஸ்திரிப்பெட்டி, பின்னால் கொடியில் வெள்ளை விரிப்பு. பலகை மேல் புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் படம், ஆட்களை வரிசை வரிசையாக நெருக்கி அடைத்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற படம்தான். விரிப்பில் கே.கே.கே. (கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு) என்று பூத்தையல் போட்டிருப்பதை நேரில்தான் கவனித்தேன். அதையும் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொடுத்தவள் ஒரு கறுப்பினப் பெண்ணாகத்தானே இருந்திருப்பாள்? அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

தெற்குவாசல்:
அது இன வரலாறு, குடும்ப நினைவு இல்லை. குடும்ப நினைவுக்கு அமெரிக்கக் கலைஞர் ராட்கிளிஃப் பெய்லியைப் பாருங்கள். பாட்டி கொடுத்த மெல்லிய உலோகத் தகட்டில் பதித்த பழைய புகைப்படங்களைப் படைப்பின் நடுவிலேயே வைத்தவர். 2011இல் அட்லாண்டா ஹை மியூசியத்தில் பியானோ கட்டைகளைக் கொட்டிக் கடலாக்கியிருந்தார். அலைகளுக்கு நடுவே ஒரே ஒரு கறுத்த தலை. "அவருக்கு நீச்சல் தெரியுமாப்பா?" என்று மகன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. 2023இல் பெய்லி இறந்த செய்தியைப் படித்தபோதும் அந்தக் கேள்விதான் வந்தது.

மைக்கூடு:
எனக்கு நைஜீரியாவில் பிறந்த ஓவியர் என்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி. தள்ளி நின்றால் சாதாரண வீட்டு அறை. கிட்டே போனால் சுவரெங்கும் அவர் அம்மா டோராவின் முகம். அந்த அம்மா நைஜீரியாவில் போலி மருந்துகளை எதிர்த்து நின்றவர், 2014இல் காலமானார்.

கிராஸ்பியைப் போல வீட்டுப் படங்களைத் தாளில் ஏற்ற ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். மூலப் படத்தைத் தொடவே வேண்டாம், ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் சரிவராது, அசிட்டோனில் (நகப்பூச்சைக் கரைக்கும் திரவம்) கரைந்து தாளில் இறங்குவது லேசர் பிரிண்டரின் மைத்தூளான டோனர்தான். எழுத்து இருந்தால் முன்கூட்டியே இடவலம் மாற்றி அச்சிடுங்கள். கவிழ்த்து வைத்து, பின்பக்கம் அசிட்டோன் தடவி, கரண்டி முதுகால் அழுத்தித் தேயுங்கள். ரொம்ப ஊற்றினால் முகம் கலங்கிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கமே போகாதீர்கள்.

தறிக்காரன்:
@தெற்குவாசல், பெட்டி சாரின் படைப்பில் குடும்பம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பாட்டி முறையான ஹாட்டி இறந்தபின் அவர் விட்டுப்போன பொருட்களை வைத்தே எழுபதுகளில் எத்தனை செய்திருக்கிறார்! 1975இல் செய்த ஒன்றுக்கு ஹாட்டியின் பெயரையே வைத்தார். இஸ்திரிப் பலகையும் அந்த வழியில் வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

@மைக்கூடு, கடை ஜெராக்ஸிலும் டோனர்தானே, அது போதுமா?