"வாஷ் மை ஹேண்ட்ஸ் ஆஃப் இட்" என்பதும் "கைகழுவுதல்" என்பதும் ஒன்றுதானா?

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலகத்திலிருந்து சென்ற விலைப்புள்ளி ஒன்றில் வரித்தொகை விடுபட்டுவிட்டது. அதைத் தயாரித்ததில் எனக்குப் பங்கில்லை என்று தெரிவிப்பதற்காக, மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் "ஐ வாஷ் மை ஹேண்ட்ஸ் ஆஃப் திஸ்" என்று எழுதினேன். அவரோ, "பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். நான் கருதிய பொருள் அந்தத் தொடருக்குக் கிடையாதா?

மறுமொழி 1:
கிடையாது. ஏற்கெனவே கைவைத்த ஒன்றிலிருந்தோ, கவனிக்கும் கடமையுள்ள ஒன்றிலிருந்தோ, "இனி என்ன ஆனாலும் நான் பொறுப்பல்ல" என்று விலகிக்கொள்வதையே அது குறிக்கும். மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்தைப் பாருங்கள். இயேசுவிடம் குற்றமில்லை என்று அறிந்திருந்தும், கூட்டத்தின் கூச்சல் கலகமாகிவிடும் என்று கண்ட ரோமானிய ஆளுநர் பிலாத்து, எல்லார் முன்னிலையிலும் தண்ணீரில் கைகளைக் கழுவி, இரத்தப்பழி தன்னைச் சேராது என்கிறார். சிலுவையில் அறைய ஒப்புக்கொடுப்பவரும் அவரே. (மற்ற மூன்று நற்செய்திகளில் இந்தக் கைகழுவல் இல்லை.) தடுக்கும் அதிகாரம் இருந்தவர் கழுவிய கை என்பதால், அத்தொடரில் குற்றத்தின் வாடை இன்னும் போகவில்லை. உங்கள் மேலாளரின் மூக்கில் ஏறியது அதுதான்.

மறுமொழி 2:
தமிழில் "கட்சி அவரைக் கைகழுவிவிட்டது" என்று பெரும்பாலும் பிறரைக் குறைசொல்லவே பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் தன்னைப் பற்றியே சலிப்புடன் சொல்வதும் உண்டு. குடிகார மகனின் கடனைப் பலமுறை அடைத்துச் சலித்த தகப்பனார், "அவனைத் தலைமுழுகிவிட்டேன்" என்கிறாரே, அந்த இடத்திற்கு இது கச்சிதமாகப் பொருந்தும். தொடக்கத்திலேயே ஒதுங்கியிருப்பதற்கு, பாறையில் மோதாமல் சுக்கானைத் திருப்பும் மாலுமியை நினைவூட்டும் "ஸ்டியர் கிளியர் ஆஃப்" என்ற தொடர் இருக்கிறது. இரண்டிலும் "ஆஃப்" என்றே வர வேண்டும். "ஃப்ரம்" என்று எழுதுவது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. உங்கள் மின்னஞ்சலுக்கோ மரபுத்தொடரே தேவையில்லை. "ஐ வாஸ் நாட் இன்வால்வ்ட் இன் ப்ரிப்பேரிங் திஸ்" என்றாலே போதும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விலைப்புள்ளியை அனுப்புமுன் ஒருமுறை சரிபார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். நேரமில்லை என்று திருப்பியனுப்பினேன். நான் தெரியாமல் எழுதிய தொடரை மேலாளர் தெரிந்தேதான் படித்திருக்கிறார்.