பேஸை மிதிக்காம ஓடினா ரன் உண்டா? தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கங்க. சேலம் அஸ்தம்பட்டி பக்கம் பொண்ணுங்களுக்கு பேஸ்பால் சொல்லித் தரேன். நேத்து ரெண்டு அவுட், முதல் பேஸ்லயும் ரெண்டாவதுலயும் ஆளு. அடி நீளமா போச்சு, ரெண்டு பேரும் ஹோம் (ரன் கிடைக்கிற கடைசி பேஸ்) வந்துட்டாங்க. ஆனா பின்னாடி வந்தவ ரெண்டாவது பேஸை மிதிக்கல. செம்மண்ல அவ ஷூ தடம் ஒரு சாண் தள்ளி இருந்துச்சு. அடுத்த பந்து போடறதுக்குள்ள எதிரணி பந்தோட அந்த பேஸை மிதிச்சு அப்பீல் கேட்டாங்க.

அது ஃபோர்ஸ் அவுட் (அடிச்சவ ஓடி வரதால முதல் பேஸ்ல இருந்தவ ரெண்டாவதுக்குப் போயே ஆகணும், அங்க ஆகற அவுட்), அதுவே மூணாவது அவுட். அதனால முன்னாடி வந்த ரன்னும் செல்லாதுன்னு சொன்னேன். தவறவிட்டது மூணாவது பேஸா இருந்தா, அங்க அவளுக்கு ஃபோர்ஸ் இல்லாததால முதல் ரன் நின்னிருக்கும். ஒழுங்கா ஓடி வந்த பொண்ணு அழுதுட்டா, மனசு கேக்கல.

நான் சொன்னது சரிதானே? ஸ்கோர் ஷீட்ல அடிச்சவளுக்கு ஹிட் (தன் அடியால பேஸ் எடுத்ததா கணக்கு) எழுதலாமா? நடுவரா இருந்தவங்க யாராவது சொல்லுங்க, சாயங்காலம் பிள்ளைங்க கேப்பாங்க.