பெயரிங் கெப்: ‘மூடி’ என்ற சொல் பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

எஞ்சினில் பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைத் தாங்கும் முதன்மைப் போதிகையின் (மெயின் பெயரிங்) கீழ்ப்பாதியான பெயரிங் கெப்புக்கு ‘போதிகை மூடி’ என்று சென்ற வாரம் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ‘போதிகை’ சரி. கோயில் தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் உறுப்பின் பெயர் பெயரிங்குக்கு வாய்த்தது அழகு. ‘மூடி’யைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டியின் மூடி தொலைந்தால் வேறொரு சட்டியின் மூடியைப் போட்டுச் சமாளிக்கலாம். இங்கே அது நடக்காது. சிலிண்டருக்குள் எரிபொருள் வெடிக்கும்போது கிராங்க் தண்டு கீழ்நோக்கி அடிபடுகிறது. அந்த அடியை வாங்குவது இந்தத் துண்டும் அதைப் பிடித்திருக்கும் போல்டுகளும்தான்.

கல்முனையில் நான் வேலை பழகிய லேத் பட்டறைக்கு, பெரும்போக விதைப்பு நேரத்தில், சம்மாந்துறை வயலிலிருந்து ஒரு மெசி பெர்குசன் 135 உழவு இயந்திரம் வந்தது. மூன்று சிலிண்டர், நான்கு முதன்மைப் போதிகைகள். எண்ணெய் வற்றியதைக் கவனிக்காமல் ஓட்டியதில் இரண்டாவது கெப் வெந்து நீலம் பாய்ந்திருந்தது. பழைய எஞ்சின் ஒன்றில் கழற்றிய கெப்பை வைத்தோம். போல்ட் துளைகள் பொருந்தின, வட்டம் பொருந்தவில்லை. பொருந்தவும் செய்யாது, எஞ்சினின் உடலான பிளாக்கும் அதன் கெப்புகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டுத்தான் கடையப்படுகின்றன. ஆகவே மாற்றி வைத்த கெப்பின் இணைப்பு முகத்தைச் சிறிது சாணை பிடித்துத் தாழ்த்தினோம். பக்கங்கள் பிளாக்கின் படியில் ஆடாமல் உட்காருகின்றனவா என்று பார்த்தோம். எல்லாப் போல்டுகளையும் உரிய முறுக்குக்கு இறுக்கிய பிறகு நான்கையும் ஒரே நேர்கோட்டில் கடைந்தோம். கருவி கெப்பைத்தான் தின்ன வேண்டும். பிளாக்கின் பக்கம் ஏறினால் தண்டின் மையம் மேலே போய்விடும், அதோடு கோத்த டைமிங் பற்சக்கரங்கள் இறுகிவிடும். தண்டுக்கும் உள்ளே பதியும் போதிகை ஓட்டுக்கும் நடுவே எண்ணெய்க்கு விடும் இடைவெளியோ ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு.

இப்படிப் பொருத்தும் ஒன்றை மூடி என்று எழுதினால், படிக்கிற பிள்ளை எதையும் எதன்மேலும் மாட்டலாம் என்று நினைக்கும். அடியை ஏந்துவதால் ‘போதிகை ஏந்தி’ என்று வைப்போம்.

* * *

தம்பி, ‘மூடி’ என்று எழுதியது நான்தான். அதைக் கைவிடுகிறேன். ஆனால் ‘ஏந்தி’யிலும் ஒரு தடை இருக்கிறது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு சேர்க்கும் இணைப்புத் தண்டுக்கும் அடியில் ஒரு கெப் உண்டு. வெடிப்பின் அடியை அது வாங்குவதில்லை. அந்த அடி இணைப்புத் தண்டின் மேல்பாதியோடு போய்விடும். மேலே பாயும் பிஸ்டனை இழுத்து நிறுத்தும்போதுதான் அதற்குப் பாரம். இரண்டுக்கும் பட்டறையில் ஒரே பெயர் வழங்கும்போது நாம் இரண்டு சொல் கொடுத்தால் எடுபடாது.

‘அணை’ என்று வைத்தால் என்ன? இரண்டு கெப்பும் கிராங்க் தண்டை அணைத்துப் பிடிக்கின்றன. தள்ளும் விசையை எதிர்த்து நிற்பதும் அணைதான். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தின் அணையைப் பார்த்து வளர்ந்த அம்பாறைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். போதிகையணை, இணைதண்டணை.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் அறிவியலும் கற்றுக் கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்தவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு அரைகுறையான சொல்லைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

* * *

ஐயா, ‘போதிகையணை’ எனக்குச் சம்மதம். ‘இணைதண்டணை’ மட்டும் நாவில் இடறுகிறது, ‘தண்டணை’ போதும். கெப்பில் வெட்டியிருக்கும் இலக்கத்தை ‘அணையெண்’ எனலாம். நாளை பட்டறையில் பெடியன்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.