விநியோகப் பட்டியலா, விரிமுகவரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அலுவலகத்தில் ‘டி.எல்.’ (டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்ட்) என்கிறோமே, ஒரே முகவரிக்கு அனுப்பினால் பத்துப் பேருக்குப் போய்ச் சேருகிற ஏற்பாடு, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் இதுவரை விநியோகப் பட்டியல், பகிர்மானப் பட்டியல், சுற்றுமடல், மடற்குழு என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக மின்னஞ்சல் ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்கிறவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த நான்கில் எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, “சார், வாடிக்கையாளர் புகார் வந்தா எங்க ஆறு பேருக்கும் வர்ற மாதிரி ஒரு மெயில் ஐடி போட்டுக் குடுங்க” என்றார். நானும் ஒரு டி.எல். திறந்து ஆறு பேரைச் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர், பெட்டியில் பாதி பாகங்கள் துருப்பிடித்து வந்திருக்கின்றன என்று படத்தோடு எழுதினார். மடல் ஆறு பேருக்கும் ஒழுங்காகப் போனது. மூன்று நாள் யாரும் பதில் போடவில்லை. நாலாம் நாள் அவர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்திய பிறகு விசாரித்தால், ஆறு பேரும் சொன்னது ஒரே பதில்: “இன்னொருத்தர் பாத்திருப்பாருன்னு நெனச்சேன்.” அதே வாரம் இன்னொரு புகாருக்கு இரண்டு பேர் பதில் போட்டு, ஒருவர் மாற்றித் தருகிறோம் என்றும் மற்றவர் தர முடியாது என்றும் எழுதியிருந்தார்கள்.

தவறு அந்த ஆறு பேரிடம் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது டி.எல்.லே இல்லை. ஒரே பெட்டி, ஆறு பேரிடமும் சாவி, ஒருவர் பதில் போட்டால் மற்ற ஐவருக்கும் அது தெரிய வேண்டும். அவர் கேட்டது ஒன்று, நான் புரிந்துகொண்டது வேறொன்று, நடுவில் ‘மெயில் ஐடி’ என்ற சொல் இரண்டையும் மூடிவிட்டது. அதனால்தான் இந்தக் கலைச்சொல்லைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இரண்டும் இரண்டு பொருள் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

சரி, இனி சொற்களுக்கு வருவோம். விநியோகம் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது குடிநீர் விநியோகம், பொது விநியோகத் திட்டம், படத்தை வாங்கி ஊர் ஊராக வெளியிடுகிற விநியோகஸ்தர். இவை எல்லாவற்றிலும் ஒரு பொருள் பிரிந்து போகிறது, ஒருவருக்குக் கொடுத்தால் கையிருப்பு அந்த அளவு குறையும். பகிர்மானமும் அப்படித்தான், மின்வாரியத்தின் பெயரில் இருந்ததே, அந்தச் சொல். டி.எல்.லில் எதுவும் பிரிவதில்லை. ஒரு மடல் ஆறாகப் பெருகுகிறது, ஆறு பேருக்கும் முழு மடல் கிடைக்கிறது. சுற்றுமடல் என்பது சுற்றுக்கு விடப்படும் மடலின் பெயர், அது போகிற முகவரியின் பெயராகாது. இலங்கையில் சுற்றுநிருபம் என்று வழங்குவதும் அந்த மடலைத்தான்.

மடற்குழு கொஞ்சம் வேறு விஷயம். நம்மில் பலர் தமிழில் தட்டச்சு செய்யப் பழகியதே மின்னஞ்சல் வழியே கூடிப் பேசிய இந்த மடலாடற்குழுக்களில்தான். யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்படும்வரை அங்கே தமிழில் நடந்த சண்டைகளும் வெண்பாக்களும் எத்தனை! அந்தச் சொல்லை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் அது மடல் ஆடுகிற இடத்துக்கு உரியது. ஆளாளுக்குப் பேசுவார்கள், தாங்களே சேர்வார்கள், பிடிக்காவிட்டால் விலகுவார்கள். அலுவலக டி.எல்.லில் நம்மைச் சேர்ப்பவர் மேலாளர், விலகும் உரிமை பெரும்பாலும் நமக்குக் கிடையாது, உரையாடல் அங்கே நடக்கவும் கூடாது. நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1997-இல் மைக்ரோசாஃப்ட்டுக்குள் நடந்ததே சாட்சி. ‘பெட்லம் டி.எல். 3’ என்ற பட்டியலில் ஏறத்தாழ 13,000 ஊழியர்கள் இருந்தார்கள். என்னை ஏன் இதில் சேர்த்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்க, எனக்கும் அதே கேள்விதான் என்று அடுத்தவர் எல்லாருக்கும் பதில் போட, ஒவ்வொரு பதிலும் 13,000-ஆகப் பெருகி அஞ்சல் வழங்கிகளே (சர்வர்கள்) திணறிப்போயின. தாங்கள் எழுதுவது எத்தனை பேருக்குப் போகும் என்பது அந்த முகவரியைப் பார்த்த யாருக்கும் தெரியவில்லை.

இந்தப் பெருக்கம்தான் டி.எல்.லின் உயிர். மின்னஞ்சல் ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கான விதிமுறைதான் எஸ்.எம்.டி.பி.; 1982-இல் வந்த அதன் முதல் வரையறையிலேயே ‘எக்ஸ்பன்’ என்று ஒரு கட்டளை உண்டு. இந்த முகவரியை விரித்துக் காட்டு, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று வழங்கியைக் கேட்பது அது. (எரிதம், அதாவது ஸ்பேம், அனுப்புகிறவர்கள் முகவரி திருடப் பயன்படுத்தியதால் இன்று பெரும்பாலான வழங்கிகளில் அடைத்து வைத்திருப்பார்கள்.) ஆக ஆரம்பத்திலிருந்தே இது விரிகிற ஒரு முகவரி. பட்டியல் அதற்குள் இருக்கிறது, ஆனால் நாம் தொடுவது முகவரியை.

அதனால் என் பரிந்துரை: விரிமுகவரி.

வினைத்தொகை. விரிகுடா, விரிதாள், விரிவானம் வரிசையில் வரும். ‘விரிமின்னஞ்சல்முகவரி’ என்று நீட்ட வேண்டாம், சூழலில் புரியும். ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க எனக்கு ஒரே வழிதான் தெரியும், வேலை நேரத்து வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பது. “கணக்குப் பிரிவு விரிமுகவரியில் என்னையும் சேர்த்துவிடுங்கள்.” “இந்த முகவரி எத்தனை பேருக்கு விரிகிறது?” “தரக்கட்டுப்பாடு விரிமுகவரிக்குள் இரவுப்பணி விரிமுகவரியும் இருக்கிறது, அதனால் தனியாகப் போட வேண்டாம்.” விநியோகப் பட்டியலில் இந்த நடுவாக்கியத்தை எழுதிப் பாருங்கள், முடியாது. பெயர்ச்சொல்லும் வினையும் ஒரே வேரில் கிடைப்பது பெரிய வசதி.

உள்ளே இருக்கிற பட்டியலுக்குப் புதுச்சொல்லே வேண்டியதில்லை, நம் அரசாணைகளின் கடைசிப் பக்கத்தில் அது தலைமுறைகளாக இருக்கிறது. பெறுநர்: அனைத்து மாவட்ட ஆட்சித் தலைவர்கள், அனைத்துத் துறைத் தலைவர்கள். அதன் கீழே நகல், கடைசியில் இருப்புக் கோப்பு, உதிரி நகல். காகிதத்தில் ஓடிய டி.எல். அது. அதில் என்னை எப்போதும் கவர்வது, ஒரு மனிதரின் பெயர்கூட இல்லாமல் எல்லாம் பதவியாக இருப்பது. ஆட்சியர் மாறினாலும் ஆணை போய்ச் சேரும். எங்கள் தொழிற்சாலையில் வேலையை விட்டுப் போன ஒருவர் பதினான்கு பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்ததை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன், அன்றைக்கு அந்த அரசாணைப் பக்கத்தின் அருமை தெரிந்தது. ஆகவே பெறுநர் பட்டியல் என்பதை அப்படியே வைத்துக்கொள்வோம்: விரிமுகவரி வாசல், பெறுநர் பட்டியல் உள்ளிருப்பு. துறையோ பதவியோ பார்த்து ஆட்களைத் தானாகவே சேர்த்துக்கொள்கிற வகை ஒன்று மைக்ரோசாஃப்ட்டின் அஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்சில் இருக்கிறதே, அதை விதிவழி விரிமுகவரி எனலாம். பட்டியலைப் பராமரிப்பவர் பொறுப்பாளர், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஆறு பேர் கேட்டது. அதற்குப் பொதுப்பெட்டி. மடல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், உரிமை உள்ளவர்கள் திறந்து பார்ப்பார்கள், யாருடைய சொந்தப் பெட்டிக்கும் நகல் போகாது. மைக்ரோசாஃப்ட் 365-இல் 50 ஜிபி வரை இதற்குத் தனி உரிமக் கட்டணமும் இல்லை. அந்தப் புகார் முகவரியைப் பொதுப்பெட்டியாக மாற்றிக் கொடுத்த பிறகு, பதில் போட்ட மடலுக்கு ஒரு நிறம், பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு நிறம் என்று அவர்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். பேச்சு வழக்கைக் கூர்ந்து கேட்டால், நம் ஆட்கள் இந்த வேறுபாட்டை ஏற்கெனவே பிடித்திருக்கிறார்கள் என்பது தெரியும். ‘குரூப் ஐடி’ என்றால் எல்லாருக்கும் போவது, ‘காமன் ஐடி’ என்றால் எல்லாரும் திறப்பது. குழுமுகவரி, பொதுமுகவரி என்று நேராக மாற்றினால் போதாதா என்று இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நானும் முதலில் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் எழுத்தில் பார்த்தால் குழுமுகவரி என்பது குழுவுக்குச் சொந்தமான முகவரி என்றும் படும், அது பொதுப்பெட்டிக்கும் பொருந்திவிடும். பழைய குழப்பம் திரும்ப வந்து நிற்கும்.

ஒரு சிக்கல் மட்டும் எனக்குத் தீரவில்லை. 2008-இல் வந்த ஆர்.எஃப்.சி. 5321, அதாவது எஸ்.எம்.டி.பி. வரையறையின் திருத்திய வடிவம், விரிகிற முகவரிகளையே இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்றில் மடல் போய்ச் சேராவிட்டால் முதலில் எழுதியவருக்கே திரும்பி வரும், இன்னொன்றில் பட்டியலின் பொறுப்பாளருக்குப் போகும். முதலாவதை அந்த வரையறை ‘அலையஸ்’ என்கிறது. அதற்கு மாற்றுமுகவரி என்று எழுதலாம் என்றால், கடவுச்சொல் மறந்தால் கேட்பார்களே, இன்னொரு மின்னஞ்சல் முகவரி, அதற்கும் இதே சொல் ஒத்துவருகிறது. மறுபெயர் என்றால் ஆளின் பெயரைப் போலிருக்கிறது. புனைமுகவரியில் பொய் முகவரி வாடை அடிக்கிறது. இதற்கு இலக்கணம் தெரிந்த ஐயா யாராவது ஒரு சொல் சொல்லுங்கள். வரும் திங்கள்கிழமை எங்கள் தொழிற்சாலையின் தமிழ்க் கையேட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், விரிமுகவரியும் பொதுப்பெட்டியும் அதில் ஏறிவிட்டன, இந்த ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.