ஜூன் விடுமுறைக்கு நல்ல கோடைப் படங்கள் சொல்லுங்களேன்

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் நமக்கு வருஷம் முழுக்க வெயில்தான், ஆனாலும் ஜூன் பள்ளி விடுமுறை வந்தால் கோடைப் படம் பார்க்கத் தோன்றுகிறது. மால் தியேட்டரில் ஓடும் சூப்பர் ஹீரோ வகை வேண்டாம். சின்ன, தனித்து இயங்கும் திரையரங்குகளில் பார்த்து உங்களுக்குப் பிடித்தது எது? பத்து வயது மகனும் கூட இருப்பான்.

கிந்தா_பாட்டி:
தம்பி, 'கிகுஜிரோ' என்ற ஜப்பானியப் படம் பாருங்கள். தகேஷி கிடானோ எடுத்தது, 1999. கோடை விடுமுறையில் அம்மாவைத் தேடிக் கிளம்பும் பையனும் அவனோடு போகும் பொறுப்பில்லாத ஆளும்தான் கதை. நம்ம மிஷ்கினின் 'நந்தலாலா' பார்த்திருந்தால் சட்டென்று பிடிபடும், ஆனால் இதில் சிரிப்பு அதிகம், ஜோ ஹிசைஷியின் பியானோ வேறு. பூங்காவில் ஒருவன் பையனிடம் தவறாக நடக்கப் பார்க்கும் காட்சி உண்டு, மகன் பக்கத்திலேயே உட்காருங்கள்.

வெயிலான்:
பையன் தூங்கினதும் ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்'. புரூக்ளினில் கொளுத்தும் ஒரே நாள், கடைசியில் தெருவே பற்றிக்கொள்ளும். ஏசி இல்லாமல் பார்த்தால் இன்னும் உறைக்கும்!

ஈசூன்வாசி:
நன்றிக்கா. பெரிய திரையில் பார்க்க வழி உண்டா? கோல்டன் மைல் டவரில் இருந்த 'புரொஜெக்டர்' தியேட்டர்தான் 2025 ஆகஸ்டில் மூடிவிட்டதே.

கிந்தா_பாட்டி:
அக்காவா, பாட்டிப்பா! கேனிங் ரைஸில் ஓல்டம் தியேட்டர் இருக்கிறது, ஆசியத் திரைப்படக் காப்பகம் நடத்துவது. பழைய ஆசியப் படங்கள் போடுவார்கள், அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.