முதல் கிளைம்பிங் ஷூ: இவ்வளவு இறுக்கமாகவா இருக்க வேண்டும்?

ஓசூர் மீனா:
இதுவரை பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தின் கிளைம்பிங் பயிற்சிச் சுவரில் தோழியின் ஷூவை இரவல் வாங்கித்தான் ஏறினேன். இந்தக் குளிர்காலத்தில் பாறை ஏற ராமநகரம், சாவனதுர்கா போகிறோம், முடிந்தால் பாதாமியும். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால், சாதாரணமாக 39 போடும் எனக்கு 37 எடுத்துக் கொடுத்து, "வலிச்சாதான் மேடம் சரியான சைஸ்" என்கிறார்கள். நுனி கீழ்நோக்கி வளைந்த மாடல் வேறு. நிற்கவே முடியவில்லை. என் பாதம் கொஞ்சம் அகலம். லேஸ் நல்லதா, வெல்க்ரோவா?

பாறைப்பல்லி:
மீனா, அந்த 37-ஐக் கடையிலேயே விட்டுவிட்டு வாங்க.

சாவனதுர்காவில் பல இடங்களில் பிடிக்கவும் ஒன்றும் இருக்காது, மிதிக்க விளிம்பும் இருக்காது. வழவழவென்று சரிந்து கிடக்கும் கருங்கல். அங்கே உங்களைத் தாங்குவது ரப்பரின் உராய்வு மட்டும்தான். குதிகாலைத் தாழ்த்தி, முன்பாதத்தை அகலமாகப் பதிக்க வேண்டும். அப்போதுதான் ரப்பர் கல்லின் சொரசொரப்புக்குள் இறங்கிப் பிடிக்கும். விரல்கள் மடங்கிக் கிடந்தால் பாதம் எப்படிப் பதியும்? கீழ்நோக்கி வளைந்த ஷூ, ஓவர்ஹேங்கில், அதாவது நம் பக்கம் சாய்ந்து துருத்தி நிற்கும் பாறையில், கால்விரலால் கொக்கி போட்டு இழுப்பவர்களுக்கானது. சரிவில் அது பாரம். அதுவும் பல பிட்ச் (ஒரு கயிறு நீளத்துக்குள் ஏறும் கட்டம்) ஏறும்போது ஷூவோடு மணிக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டும், கால் வீங்கும்.

பாதாமி வேறு மாதிரி. செங்குத்தான சிவப்பு மணற்கல், குறுக்கே வரிவரியாக விளிம்புகள். அங்கே ஷூவின் அடிப்பகுதி கொஞ்சம் விறைப்பாக இருந்தால் விரலுக்கு வேலை குறையும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்று என்றால், தட்டையான, நடுத்தர விறைப்புள்ள ஷூ போதும். லா ஸ்போர்டிவா டாரன்டுலேஸ், ஸ்கார்பா ஒரிஜின் எல்லாம் இந்த ரகம்.

சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், சாக்ஸ் இல்லாமல் போட்டுப் பாருங்கள். பெருவிரல் நுனியைத் தொட வேண்டும்; விரல் கணு லேசாக மடங்கினால் பரவாயில்லை, சுரீரென்று வலிக்கக் கூடாது. அப்புறம் கடைப் படியின் விளிம்பில் முன்விரல் பாகத்தை மட்டும் வைத்து ஏறி நில்லுங்கள். உள்ளே பாதம் புரண்டாலோ, குதிகாலில் காற்றுப்பை மாதிரி இடம் இருந்தாலோ அந்த ஷூ வேண்டாம். உள்துணி இல்லாத தோல் ஷூ பழகப் பழக நன்றாகவே தளரும், அதனால் அதை இறுக்கமாக வாங்கலாம். சிந்தெடிக் அவ்வளவாகத் தளராது, கடையில் எப்படி இருக்கிறதோ கிட்டத்தட்ட அப்படியேதான்.

அகலப் பாதத்துக்கு என் ஓட்டு லேஸுக்கு. பெண்கள் மாடல் பெரும்பாலும் ஒடுக்கமாக வரும், கூச்சப்படாமல் ஆண்கள் மாடலையும் கேளுங்கள். மெட்டி போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளமா? புருஷனை ஆட்டிவைப்பாள் என்று எங்கள் பாட்டி சொல்லும் அந்தக் கால்தான் எனக்கும். அதற்கு, நுனி பெருவிரல் பக்கம் கூராகச் சாயாத ஷூவாகப் பார்க்க வேண்டும்.

ஹம்பி ரிட்டர்ன்:
அக்கா சொல்வது சரிவுக்குச் சரி. ஆனால் ஹம்பியில் தளர்ந்த ஷூவோடு போய் நின்றால் பாறையில் துருத்தும் கடுகளவு படிகத்தில் கால் நிற்காது. நான் ஒன்றரை சைஸ் குறைத்துத்தான் போடுகிறேன்.

பாறைப்பல்லி:
தம்பி, நீங்கள் போல்டரிங் ஆள், கயிறில்லாமல் சின்னப் பாறைகளில் ஏறுபவர். நாலு மூவ் போட்டுக் குதித்ததும் ஷூவைக் கழற்றிவிடுவீர்கள். மீனா பாதி மலையில் பிலே ஸ்டேஷனில் (நின்று மற்றவரின் கயிற்றைப் பிடிக்கும் இடம்) தொங்கிக்கொண்டு எங்கே கழற்றுவது? அப்புறம் "ஒன்றரை சைஸ்" என்பது உங்கள் பிராண்டுக்கு மட்டும்தான். ஒரு கம்பெனியின் 38 இன்னொன்றின் 39 மாதிரி இருக்கும்.

ஓசூர் மீனா:
நன்றி அக்கா. ரப்பர் எவ்வளவு தடிமன் பார்க்கணும்? விலை கூடியதில் மெல்லிசாக இருக்கிறதே?

பாறைப்பல்லி:
மெல்லிய ரப்பரில் பாறை காலுக்குத் தெரியும், ஆனால் சீக்கிரம் தேயும். புதிதாக ஏறுபவர்கள் விரலைச் சுவரில் இழுத்துக்கொண்டே போவார்கள், அதனால் நுனிதான் முதலில் போகும். உங்களுக்கு 5 மி.மீ. நல்லது. அடி ரப்பர் தேய்ந்து, நுனியைச் சுற்றி வரும் ரேண்ட் பட்டையைத் தொடும் முன்பே ரீசோல் செய்ய, அதாவது புது அடி ரப்பர் ஒட்ட, கொடுத்துவிடுங்கள். ரேண்டும் ஓட்டையானால் செலவு கூடும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் ஷூவைப் போட்டு வைக்காதீர்கள், சூட்டில் பசை விட்டுவிடும்.