தங்கத்தின் மஞ்சள் நிறத்தை +2 மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

வணக்கம் நண்பர்களே. +2 பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். நியூட்டன் இயக்கவியல், சார்பியல், குவாண்டம் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும் உதாரணம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோக ஆசை. எனக்குத் தெரிந்து தங்கத்தை மிஞ்ச எதுவும் இல்லை.

நீல்ஸ் போரின் அணு மாதிரிப்படி (எலக்ட்ரான் கருவை வட்டப் பாதையில் சுற்றுவதாகக் கொள்வது), மிக உள்ளே உள்ள கூட்டின் எலக்ட்ரான் வேகம் ஒளிவேகத்தில் எத்தனை பங்கு என்று அறிய அணு எண்ணை 137-ஆல் வகுத்தால் போதும். தங்கத்துக்கு 79, அதாவது சுமார் 58 சதவீதம். அங்கே நியூட்டன் கணக்கு எடுபடாது, சார்பியல் காரணி (எலக்ட்ரானின் நிறை எத்தனை மடங்கு கூடியதுபோல் நடக்கிறது என்பது) 1.22 வந்துவிடுகிறது. வெள்ளிக்கு 47 என்பதால் 1.06தான். இதனால் தங்கத்தில் வெளிக்கூட்டின் 6எஸ் ஆர்பிட்டல் (எலக்ட்ரான் இருக்கக்கூடிய பகுதி) சுருங்கி, அதற்கும் சற்று உள்ளே உள்ள 5டி ஆர்பிட்டலுக்குமான ஆற்றல் இடைவெளி குறைகிறது. 5டி-யிலிருந்து எலக்ட்ரான் மேலே தாவ நீல ஒளி உறிஞ்சப்பட, உலோகம் மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளியில் அந்த உறிஞ்சல் புற ஊதாவில் நடக்கிறது.

சரி, இதுவரை சொல்லிவிடலாம். ஆனால் வேகமாக ஓடுவது உள்ளே இருக்கும் எலக்ட்ரான், வெளிக்கூட்டில் உள்ள 6எஸ் ஏன் சுருங்க வேண்டும்? எஸ் எலக்ட்ரானுக்கு அணுக்கரு அருகிலும் நிகழ்தகவு உண்டு என்பது காரணம். எலக்ட்ரானுக்குச் சார்பியலையும் குவாண்டத்தையும் இணைத்து 1928-இல் இயற்பியலாளர் டிராக் தந்த சமன்பாட்டைத் தொடாமல் இதைப் படம் போட்டுக் காட்ட முடியுமா?

அப்புறம், குவாண்டத்தில் எலக்ட்ரானுக்குத் திட்டமான பாதையே கிடையாது. போர் வேகத்தை எடுத்து சார்பியல் சூத்திரத்தில் போடுவது பிள்ளைகளைத் தவறான வழியில் விட்டுவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. வகுப்பில் இதை நடத்தியவர்கள் எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். வரைபடம் இருந்தால் கட்டாயம் பகிருங்கள்.